சராசரிக்கு வாங்கிய சர்வர்

ஜிம் கிரே தன் பெயர் போடாமல், பலரோடு சேர்ந்து 1985-ல் ‘டேட்டாமேஷன்’ இதழில் எழுதிய பரிவர்த்தனைத் திறன் கட்டுரையை மறுபடி படித்தேன். நூற்றுக்கு 95 பரிவர்த்தனை ஒரு விநாடிக்குள் முடியணும் என்ற நிபந்தனை இன்றும் அருமை. காத்திருப்பவரையும் கணக்கில் சேர்க்கிறது.

ஆனால் அந்த மாதிரி வங்கியில் 10,000 கவுன்ட்டர். ஒவ்வொன்றிலும் சராசரியாக 100 விநாடிக்கு ஒரு பரிவர்த்தனை. எங்க எம்.ரெட்டியபட்டிப் பக்கம் அப்படியா? மகளிர் உரிமைத் தொகை 15-ஆம் தேதி ஏறினால், எல்லாரும் ஒரே காலையில் கைரேகை வைக்க நிற்பார்கள்.

தமிழ்நாடு முழுக்க ஒரு கோடிப் பேர் என்று வைப்போம். 24 மணி நேரத்தில் பரவி வந்தால் விநாடிக்கு 116. ஒரே மணி நேரத்தில் வந்தால் 2,778. முதல் எண்ணை நம்பி சர்வர் வாங்கினால், வெயிலில் நிற்பது எங்க அக்காமார்தான்.