வகுப்பில் இன்னொரு பெரியவர்

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. ஆனால் குடியுரிமை உள்ள பிள்ளைகளை மட்டும்தான். வேலைக்காக வந்து உட்லண்ட்சில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், சில மாதங்களுக்குள் ஒரு கேள்வி எழும்: தாயும் பிள்ளையும் ஊருக்குப் போய்விடலாமா? ஊர் என்பது சிலருக்குச் சென்னை, திருச்சி. சிலருக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு. அங்கே வகுப்பறை எப்படி இருக்கும் என்று தெரியாமலே பலர் முடிவெடுக்கிறார்கள்.

இங்கே இருப்பதை முதலில் பார்ப்போம். ஆறு வயதுவரை தொடக்கத் தலையீட்டு நிலையங்கள். அதன்பின் சிறப்புப் பள்ளிகள். உட்லண்ட்ஸ் கார்டன்ஸ் பள்ளியை நடத்தும் மைண்ட்ஸ் 1962இல் தொடங்கிய அமைப்பு. அங் மோ கியோவில் உள்ள பாத்லைட் 2004இல் ஆட்டிசத்துக்கென்றே வந்த பள்ளி. சிறு பிள்ளைகளின் வகுப்புகளில் அடிக்கடி காணும் ஒழுங்கு, அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் வளர்த்து, 1972இல் மாநிலத் திட்டமாக ஆன டீச் முறையை ஒட்டியது. பிள்ளையின் மேசை சுவரைப் பார்த்திருக்கும். பக்கத்துப் பிள்ளை கண்ணில் படாதபடி நடுவில் ஓர் அலமாரி. மேசையின் இடப்பக்கம் அன்றைய வேலைப் பெட்டிகள். வலப்பக்கம் முடிந்தவற்றைப் போட ஒரு கூடை. பிள்ளையின் கண்மட்டத்தில் படங்களாலான நேர அட்டவணை. பிள்ளை அதிலிருந்து ‘சிற்றுண்டி’ப் படத்தைப் பிய்த்தெடுத்து, சிற்றுண்டி மேசைவரை கையிலேயே கொண்டுபோய், அங்கே அதே படம் உள்ள இடத்தில் ஒட்டிவிட்டு உட்காரும். என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்து என்ன என்ற நான்குக்கும் யாரும் வாய் திறக்காமலே விடை கிடைத்துவிடும். பேச்சு புரிய நேரமெடுக்கும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

இந்தியாவில் இந்த முறையைப் பரப்பியதில் பெற்றோருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெர்ரி பருவா 1991இல் டெல்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கினார். 1994இல் ‘ஓப்பன் டோர்’ பள்ளி வந்தது. இன்று சென்னையில் பல மையங்கள் வாடகை வீடுகளில் நடக்கின்றன. கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து பாட்டு, படுக்கையறையில் ஒருவருக்கு ஒருவர் பயிற்சி, சமையலறையில் டம்ளர் கழுவவும் தோசை திருப்பவும் பழக்குவது என்று வீட்டின் அமைப்பே பாடத்திட்டம் ஆகிவிடுகிறது. இட்லித் தட்டின் குழிகளில் பொத்தான்களை நிறவாரியாகப் போடச் சொல்வார்கள். இறக்குமதிப் பொம்மையைவிட அது நன்றாகவே வேலை செய்கிறது. சுழலும் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காத பிள்ளைக்கு மேசையை எங்கே போடுவது என்பது சென்னை ஆசிரியைக்கு நிஜமான திட்டமிடல் பிரச்சினை.

ஆள் தரத்தில் குறை சொல்ல முடியாது. இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு பெற்று, ஆட்டிசத்துக்கென்றே பட்டயம் படித்தவர்கள் கிடைக்கிறார்கள். என் குறை வேறு. சென்னையின் நாள் ‘செஷன்’ கணக்கில் ஓடுகிறது. முக்கால் மணி பேச்சுப் பயிற்சி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து இன்னோர் இடத்தில் செயல்முறைப் பயிற்சி, மாலையில் சிறப்பாசிரியர். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். பயிற்சிகள் நிறைய, வகுப்பு என்ற ஒன்றுதான் காணோம். மொழியும் ஒரு சிக்கல்: வீட்டில் பாட்டி தமிழில் கொஞ்ச, மையத்தில் ஆங்கிலத்தில் ‘சிட்’ என்பார்கள். (சிங்கப்பூரிலும் இதே கதைதான்.)

பணம் இல்லாதவர்களுக்கு அரசின் வட்டார வள மையம் உண்டு, வீட்டுவழிக் கல்வி உண்டு. ஆனால் பல பள்ளிகளுக்கு ஒரே சிறப்பாசிரியர், அதுவும் ஒப்பந்தத்தில். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. 2025இலும் பணியிடங்களை உருவாக்கும்படி மாநிலங்களை அது மறுபடி நெருக்க வேண்டியிருந்தது.

இலங்கையில் படம் தலைகீழ். அங்கே சிறப்புக் கல்வி அரசுப் பாடசாலைக்குள்ளேயே ‘விசேட கல்வி அலகு’ என்ற பெயரில் இருக்கிறது. கட்டணம் இல்லை. அண்ணன் படிக்கும் அதே பாடசாலை, அதே வெள்ளைச் சீருடை, காலை ஏழரைக்கு அதே மணி. இந்த ஒன்றுக்காகவே இலங்கை அமைப்பை நான் மதிக்கிறேன். சென்னையில் லட்சங்கள் செலவழித்தும் வாங்க முடியாதது, ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பது.

ஆனால் அலகுக்குள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஆசிரியர். ஆறு வயதும் பன்னிரண்டு வயதும், டவுன் சின்ட்ரோமும் காது கேளாமையும் ஆட்டிசமும் ஒரே அறையில். பல பாடசாலைகளில் அரைச்சுவர்க் கட்டடம். அடுத்த வகுப்பு வாய்ப்பாடு சொல்வது அப்படியே காதில் விழும். இரும்பு அலமாரியையும் பழைய கரும்பலகையையும் முதுகு காட்டி நிறுத்தி மூலை ஒன்று உண்டாக்குவார் ஆசிரியர். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் அவரே படம் வரைந்து அட்டவணை செய்வார். தேவாரமும் ஒலிபெருக்கியுமான காலைக் கூட்டம் முடிந்த பிறகே பிள்ளையைக் கொண்டுவரச் சொல்வார். திறமை இருக்கிறது, ஆள்தான் இல்லை. கோண்டாவில் சிவபூமி போன்ற தனிப் பள்ளிகளும், றாகமையில் களனிப் பல்கலைக்கழகத்தை ஒட்டி எழுந்த அயதி நிலையமும் உதவுகின்றன. ஆனால் தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் வடக்கிலும் கிழக்கிலும் அரிது. இலங்கையின் ஒரு பகுதியில் ஹேமமாலி பெரேரா குழு நடத்தி 2009இல் வெளியான ஆய்வு, சிறு குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவருக்கு ஆட்டிசம் என்று கண்டது. அந்தக் கணக்குக்கு அலகுகள் எப்படி ஈடு கொடுக்கும்?

இரண்டு ஊரிலும் இல்லாமல் இங்கே சிங்கப்பூரில் இருப்பது என்ன? குளிரூட்டியும் மெத்தை போட்ட புலனுணர்வு அறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை இல்லாமல் சமாளிக்கலாம். இங்கே உண்மையில் விலை உயர்ந்தது வகுப்பில் ஆசிரியருடன் நிற்கும் உதவியாளர். ஒரு பிள்ளை தரையில் விழுந்து அலறும்போது ஒருவர் அதனோடு இருக்க, மற்றவர் மீதிப் பிள்ளைகளின் அட்டவணையை நடத்துவார். அந்த இன்னொருவர் இல்லாவிட்டால் முதல் அலறலோடு நேர அட்டவணை நின்றுபோகும். படங்கள் சுவர் அலங்காரமாக மட்டும் மிஞ்சும். சென்னைப் பெற்றோர் ஒரு செஷனைக் குறைத்து அந்தப் பணத்தை மையத்தின் உதவியாளர் சம்பளத்துக்குக் கொடுக்கலாம். யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவு கட்டும் காசில் அலகுக்கு ஓர் உதவியாளரை அமர்த்தலாம்.

போக முடிவெடுத்துவிட்டவர்களுக்கு: பிள்ளை பேசத் தொடங்காத மூன்று, நான்கு வயதில் இருந்தால், தாய்க்கும் சேர்த்துப் பயிற்சி தரும் இந்திய மையமே நல்லது, தாய் கற்றது ஊர் மாறினாலும் கூட வரும். அமர்ந்து வேலை செய்யப் பழகிய பிள்ளைக்கு இலங்கை அலகு தரும் அக்கம்பக்கம் பெரிய வரம். எந்த ஊரானாலும் சேர்க்கும் முன் ஒரு முழுக் காலை வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்காதீர்கள். ஆசிரியர் ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனால் மீதிப் பேரை யார் பார்ப்பார் என்று கேளுங்கள்.