பாறைக்குழிக்கு ஏரிப் பட்டம்

சத்தீஸ்கரின் கேனாபாராவில் பழைய நிலக்கரிக் குழியில் படகு விடுகிறார்கள். மிதக்கும் உணவகமும் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, தாராபுரம், காங்கேயம் பக்கத்துப் பாறைக்குழிகளுக்கும் இப்படியொரு யோகம் வராதா என்கிறார்கள். கரையில் மனைப்பிரிவு, ஞாயிற்றுக்கிழமைப் படகு.

இந்தக் குழிகளில் குப்பை கொட்டுவதைவிட மேல்தான். திருப்பூர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னை குடித்தது. மலேசியாவின் தைப்பிங்கில் வெள்ளீயம் தோண்டிய குழிகள் அழகான ஏரிப் பூங்காவாகிவிட்டன. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதை ஏரி என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏரிக்குக் கரையுண்டு, மதகுண்டு, கலிங்குண்டு, ஆயக்கட்டு உண்டு. மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கச் சரிவுண்டு. பாறைக்குழிக்கு இருப்பது செங்குத்துச் சுவர். கால் தவறினால் ஆழம். கோடை விடுமுறையில் குளிக்கப் போன பிள்ளைகளைத் தீயணைப்புத் துறையினர் தேடும் செய்தியைப் படித்துப் படித்து நமக்கு மரத்துப்போய்விட்டது.

அந்தத் தண்ணீர் யாருடையது? நம்முடையது கடினப் பாறை பூமி. தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கிறது. கிணற்றுக்கும் கீழே குவாரி இறங்கினால், பக்கத்துக் காட்டு ஊற்று குழியைப் பார்த்துத் திரும்பும். குவாரி ஓடியவரை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விட்டார்கள். மோட்டார் நின்றதும் குழி நிரம்புகிறது. நாம் நீலத்தை ரசிக்கிறோம். மழைநீரும் அதில் சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கிணறு வற்றிப் போர் மேல் போர் போட்ட விவசாயிக்கு, 'ஏரி பார்த்த மனை' விற்கும் விலையில் ஒரு பைசா உண்டா?

ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் ஆற்றுநீரைத் திருப்பிச் சுரங்கக் குழிகளை நிரப்பினார்கள். இங்கே எதைத் திருப்புவது? உப்பாறு அணைக்கே பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத் (பி.ஏ.பி.) தண்ணீர் விடச் சொல்லி விவசாயிகள் போராட வேண்டியிருக்கிறது. அதே ஜெர்மனியில், நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில், 2009 ஜூலையில் இப்படியொரு ஏரியின் கரை சரிந்து, வீடுகளோடு 3 பேரை விழுங்கியது. அது மண் கரை, நம்முடையது கல் என்பார்கள். வெடி வைத்து வெடி வைத்து விரிசல்விட்ட கல்.

எனக்குப் பல வருடமாக உறுத்துவது வேறொன்று. இந்த ஏரிக் கனவு குழி தோண்டும் முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. குவாரித் திட்ட அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள்: கல் எடுத்து முடித்தபின் குழி மழைநீர்த் தேக்கமாகும், சுற்றிலும் வேலி போடப்படும் என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும். மூடவும் வேண்டாம், சுவரைச் சரிவாக வெட்டவும் வேண்டாம். அந்த ஒரு வரி போதும். அடுத்த பாறைக்கும் அதே வரியை எழுதி அனுமதி கேட்கலாம். படகுக்கு டிக்கெட் விற்கும் முன், அந்த வேலியாவது இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.