துயரத்திலிருந்து 'மகிழ்ச்சி'க்கு: ஓர் இளைஞர் இசைக்குழுவின் முதற்றொகுதி குறித்த சில சிந்தனைகள்

ஒரு கலைக்குழுவின் முதற் படைப்பை மதிப்பிடுதல் எளிதான செயலன்று. அதில் நிறைவைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். ஊக்கத்தை மாத்திரம் கண்டு பாராட்டுவோர் விமர்சனக் கடமையினின்று வழுவுவர். முதற் படைப்பொன்றிடம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. எந்தச் சமூகச் சக்திகள் அதிலே குரல்பெற முனைகின்றன? அக்குரலுக்கு இயைந்த வடிவத்தை அது கண்டடையத் தொடங்கியுள்ளதா? சென்னை இளைஞர் இசைக்குழுவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மகிழ்ச்சி' என்னும் முதற்றொகுதியை இவ்விரு வினாக்களின் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைப்பட நெறியாளர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் இணைந்து 2017 இல் இக்குழுவை உருவாக்கினர். 2018 ஜனவரி 6 ஆந் திகதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 கலைஞருடன் அதன் முதல் அரங்கு நடைபெற்றது. சாதிபேதமற்ற தமிழர் என்னும் அயோத்திதாசரது (1845–1914) கருத்திலிருந்தே குழுவின் பெயர் பெறப்பட்டது. கானா, றப், றொக் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே ஒலிக்கின்றன. கிற்றாரும் மேலைத்தேய முரசுகளும் முழங்கும் அதே மேடையில் பறையும் சட்டியும் கட்ட மோளமும் இடம்பெறுகின்றன.

இக்கலைஞருட் பலர் வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே இருந்து வந்தவர்கள். அம்மண்ணின் வரலாற்றைப் புறக்கணித்து அவர்களது பாடல்களை விளங்கிக்கொள்ளல் இயலாது. 1918 இல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர் நடுவேயாகும். மூன்றாண்டுகளின் பின்னர், 1921 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் மூண்ட கலவரத்தில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. தொழிலாளருக்கு எதிராகத் தொழிலாளரே நின்றனர். சாதியொடுக்குமுறையை எதிர்கொள்ளாது அமைக்கப்படும் வர்க்க ஒற்றுமை நெருக்கடியில் உடைந்துபோகும் என்பதற்கு அந்நிகழ்வு சான்றாகும். சாதியை மேற்கட்டுமானத்தின் எச்சமென்று மாத்திரம் கருதி, அடித்தளம் மாறும்போது அது தானே அழிந்துவிடும் எனக் காத்திருந்த மார்க்சியர் எம்மிடையிலும் இருந்தனர். வர்க்கத்தை உள்ளிருந்து பிளக்கும் சக்தியாகச் சாதி தொழிற்படுவதைப் புளியந்தோப்பு அன்றே காட்டிற்று.

அம்மண்ணில் வளர்ந்த கலைவடிவமே கானா. அதன் முக்கிய களங்களுள் ஒன்று சாவீடு. இறந்தவரின் பெருமையையும் பிரிவின் வேதனையையும் இரவு முழுவதும் பாடும் மரண கானா, ஒப்பாரியின் நகர்ப்புறத் தம்பி எனத்தக்கது. ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஒப்பாரி பெரும்பாலும் பெண்களுடையது. கானா பெரும்பாலும் இளைஞருடையது. அதிலே அழுகையும் கேலியும், கையறுநிலையும் வீறாப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

மேலைத்தேய இளைஞர் இசையோடு இதனை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1976–77 காலப்பகுதியில், வேலையின்மை பெருகிய பிரித்தானியாவிலே 'பங்க்' இசை சினத்தின் வெளிப்பாடாக மேலெழுந்தது. பயிற்சியின் மிகுதியன்று, சொல்லவேண்டிய தேவையே ஒருவனை மேடையேற்றும் என்பது அதன் உட்கருத்து. 1980களின் நடுப்பகுதியில் வாஷிங்டனில் அதே மரபிலிருந்து 'ஈமோ' கிளைத்தது. தனிமனிதத் துயரும் மனமுறிவும் அதன் பொருளாயின. பின்னர் வந்த 'பொப்-பங்க்' குழுக்கள் இரண்டையும் இனிய மெட்டிற் கலந்தன. சந்தையும் அவற்றை விரைந்து தழுவிக்கொண்டது. அங்கே பத்தாண்டு இடைவெளியில் தனித்தனியே தோன்றிய சினமும் துயரும் கானாவில் ஒருபோதும் பிரிந்திருக்கவில்லை. சாவு தனிமனித நிகழ்வாக அன்றி, வறுமையும் தொழிலும் விளைவித்த கூட்டு அனுபவமாகவே அம்மக்களால் உணரப்பட்டமை இதற்குக் காரணமாகலாம்.

எனவே, துயரிற் பிறந்த வடிவத்தைக் கையாளும் குழுவொன்று தன் முதற்றொகுதிக்கு 'மகிழ்ச்சி' எனப் பெயரிட்டமை ஆழ்ந்து நோக்கற்பாலது. இம்மகிழ்ச்சி துயரை மறக்கச் செய்யும் கேளிக்கையன்று. சாவீட்டில் ஒலிப்பதற்கே உரியவை என ஒதுக்கப்பட்ட கருவிகள் பொது அரங்கின் நடுவே தலைநிமிர்ந்து ஒலிப்பதால் விளையும் மகிழ்ச்சி அது. இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி உண்ணும் உரிமை, வடசென்னை வாழ்வு எனக் குழு எடுத்துக்கொண்ட பொருள்கள் அனைத்தும் அதனோடு தொடர்புடையன. உழைப்பின் லயத்திலிருந்தே கவிதையின் லயம் பிறந்தது என்றார் ஜோர்ஜ் தொம்சன். அவரது மாணவரான கைலாசபதி வாய்மொழி மரபின் உயிர்ப்பை எமக்கு உணர்த்தினார். அவ்வழியில் நோக்குமிடத்து, இக்குழுவின் மிகச்சிறந்த தருணங்கள் சொல்லுக்கு முன்னரே தாளம் கருத்தை உரைத்துவிடும் தருணங்களாம். கிற்றாரின் பின்னணிக்குப் பறை அலங்காரமாக வருவதில்லை. பறையின் நடைக்கே கிற்றார் பணிகிறது. இவ்வொழுங்குமாற்றம் ஓர் அரசியற் கூற்றாகும்.

குறைகளும் உள. முதலாவதாக, கருத்து முழக்கமாக மாறும் இடங்களில் இசை வெறும் ஏந்தியாகிவிடுகின்றது. தலைவரின் பெயரை உச்சரிப்பது கேட்போரை எழுச்சியூட்டலாம். ஆனால் அனுபவத்தை விளக்குவதில்லை. கேலியும் விளக்கமும் இணைந்த இடஒதுக்கீட்டுப் பாடல், புகழ்ச்சியே மேலோங்கும் 'ஜெய்பீம்' பாடலிலும் நீடித்து நிற்பது இதனாலேயே. இரண்டாவதாக, 19 பேரின் நடுவே தொடக்கத்தில் முன்னின்ற பெண்குரல் இசைவாணியினது மாத்திரமே. ஆண்களின் களமான கானாவில் அவர் பாடுவது தனியொரு சாதனை. எனினும் தனிச்சாதனை பொதுநிலையின் குறையை மறைத்தலாகாது. சபரிமலைத் தீர்ப்பு 2018 செப்ரெம்பரில் வெளிவந்ததன் பின்னணியில் எழுந்த 'ஐ ஆம் சொறி ஐயப்பா' என்னும் பாடலுக்காக 2024 இல் அவர் எதிர்கொண்ட வசைகள், பெண்குரலின் மீதே சமூகத்தின் சினம் முதலிற் பாயும் என்பதை உணர்த்தின. மூன்றாவதாக, பாடலின் உடைமை யாருடையது என்னும் வினா. இக்குழுவிற் பாடிய அறிவு 2021 இல் எழுதிப் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவியபோது, அதன் உரிமையும் பெருமையும் பற்றிய பிணக்கு பகிரங்கமாயிற்று. கூட்டாகப் பிறந்த கலையைச் சந்தை தனித்தனிப் பெயர்களாகப் பிரித்து விலைபேசும். அதற்கு எதிரான அமைப்பொன்றைக் 'கூட்டு' எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் குழு இன்னும் முழுமையாகக் கண்டடையவில்லை.

எம்மைப் பொறுத்தவரை இம்முதற்றொகுதியின் முக்கியத்துவம் யாது? தீண்டாமைக்கு எதிராக 1966 ஒக்ரோபர் 21 இல் வடபுலத்தில் எழுந்த போராட்டம் எமது இலக்கியத்தை மாற்றியமைத்தது. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. 'கந்தன் கருணை', 'சங்காரம்' போன்ற நாடகங்கள் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் போராட்டத்தின் மொழியாக்கின. ஆயினும் அதே காலத்தில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வழியாக இளைஞரைக் கவர்ந்த பொப் இசையை முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் ஆய்வுக்குரியதாகக் கொள்ளவில்லை. நாவலும் நாடகமும் எமது அக்கறைக்கு உரியனவாயின. இளைஞன் அன்றாடம் முணுமுணுத்த பாட்டு வானொலிக்கும் வணிகத்துக்கும் விடப்பட்டது.

இவ்விடைவெளியை இன்று வன்னியில் நின்று நோக்கும்போது அதன் கனம் புலனாகின்றது. உருத்திரபுரம் இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருவான குடியேற்ற ஊர். வாய்க்காலும் வயலும் அதன் வாழ்வு. நிலம் பெற்றோரும், அந்நிலத்திற் கூலிக்கு உழைப்போரும் என்ற பிரிவு குடியேற்றங்களோடு கூடவே வந்தது. 1970களின் பஞ்சமும் 1977 வன்செயலும் விரட்டிய மலையகத் தொழிலாளர் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிற் குடியேறிக் கூலி உழைப்பாளராயினர். 'எஞ்சாய் எஞ்சாமி'யின் பின்னணியிலுள்ள அறிவின் பாட்டியாரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவரே. ஒரே இடப்பெயர்வின் இரு கிளைகளுள் ஒன்று பாடலாயிற்று. மற்றொன்று இன்னும் பாடப்படவில்லை.

துயரைப் பொறுத்தும் இதுவே நிலை. 2009 இற்குப் பின்னர் இப்பகுதியில் இறந்தோரை நினைந்து பகிரங்கமாக அழுவதே பல ஆண்டுகள் தடுக்கப்பட்ட செயலாயிருந்தது. 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றிலே தொடர்போராட்டத்தைத் தொடங்கியபோது, தாய்மாரின் ஒப்பாரி வீட்டைவிட்டு வீதிக்கு வந்தது. அழுகை கோரிக்கையாயிற்று. அத்தாய்மாரின் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே கேட்பது சென்னையின் இசையும் மேலைத்தேய இசையுமாகும். இதனைப் பண்பாட்டுச் சீரழிவென்று கடிந்துரைத்தல் எளிது; பயனற்றது. அவர்கள் கேட்கும் கிற்றாருக்கும் தாய்மாரின் ஒப்பாரிக்கும் இடையே பாதை உண்டென்பதையே 'மகிழ்ச்சி' எடுத்துக்காட்டுகின்றது.

அப்பாதை சென்னையைப் பிரதிபண்ணுவதால் அமையாது. வடசென்னைக்குக் கானா வாய்த்ததுபோல, வன்னிக்கு ஒப்பாரியும், அருவிவெட்டுப் பாடலும், கூத்தும், பறையும் உள்ளன. அவற்றை யார் வாசிக்கலாம், யார் வாசிக்கலாகாது, எந்த முற்றத்தில் வாசிக்கலாம் என்னும் சாதிவிதிகளை முதலில் உடைக்காத எக்குழுவும், எத்துணை மின்கருவிகளைச் சேர்த்தாலும், புதிய இசையைப் படைத்ததாகாது. இளைஞர் அம்முயற்சியில் இறங்கும்போது அவர்களது முதற் பாடல்கள் கரடுமுரடாகவே இருக்கும். அவற்றைக் கேட்பதற்கும், குறைகளை நேர்மையாகச் சுட்டுவதற்கும், வேர்களை ஆய்ந்து கூறுவதற்கும் தமிழியல் ஆய்வாளர் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். பொப் இசையின் காலத்தில் நாம் செய்யத் தவறிய பணி அதுவேயாகும்.