டீசல் ஹீட்டருக்கு ஒரு சைலன்சர்

நவம்பர் இரவு. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலையடிவாரத்தில் ஒரு முகாம் மைதானம். வெளியே தண்ணீர் உறையும் குளிர். கேம்பர் வேனுக்குள் 2 கிலோவாட் டீசல் ஹீட்டரின் கதகதப்பு. நள்ளிரவில் கீழே இறங்கியபோதுதான் அந்த இரைச்சல் காதில் விழுந்தது. எங்கோ விமானம் கிளம்புவதுபோல இருந்தது. வந்ததோ என் வேனுக்கு அடியிலிருந்து! புகைக்குழாயின் வாய் நேராகப் பக்கத்து வேனைப் பார்த்திருந்தது. அந்த வேனில் ஒரு கைக்குழந்தை இருப்பதை மாலையிலேயே பார்த்திருந்தேன். மனசு கேட்கவில்லை.

ஹீட்டரோடு வந்த தகர சைலன்சர் பெட்டியிலேயே கிடந்தது. அதை மாட்டிப் பார்த்தேன். பற்றவைத்ததும் அதன் மடிப்புகள் வழியே வெண்புகை கசிந்தது. கழற்றிவிட்டு, முழுக்க வெல்டிங் செய்த துருப்பிடிக்காத எஃகு சைலன்சர் ஒன்றை வாங்கினேன். 24 மில்லிமீட்டர் குழாய்க்கானது. உள்ளே துளையிட்ட குழாய், அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் நார். ஒலியை அந்த நார்தான் விழுங்குகிறது.

ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டு, 2 மீட்டர் தள்ளி நின்று கைபேசிச் செயலியில் அளந்தேன். வெறும் குழாய்க்கு 60 டெசிபல், தகர சைலன்சருக்கு 56, எஃகுக்கு 52. செயலியின் எண் துல்லியமானதல்ல, ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியாகத் தோன்றும். எஃகு சைலன்சர் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

மிச்சமிருந்த ஊளை புகைக்குழாயில் வரவில்லை, எரிவதற்குக் காற்றை இழுக்கும் குழாயில் வந்தது. அந்த வாயிலும் ஒரு சிறு சைலன்சரைச் செருகியதும் அடங்கியது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். புகை வாயையும் காற்று வாயையும் தள்ளித் தள்ளி வையுங்கள். விட்ட புகையையே ஹீட்டர் திரும்ப இழுத்தால் கரி படியும்.

பொருத்துவதில்தான் உயிர் இருக்கிறது. சைலன்சரில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகி வடிவதற்கான வழி அது. தண்ணீர் தேங்கி உறைந்தால் குழாயே அடைபடும். அதனால் துளை கீழே பார்த்திருக்க வேண்டும். குழாயின் முனை வேனின் தரைக்கு அடியில் முடியாமல் ஓரம்வரை வெளியே வர வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. உள்ளே அதற்கான அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூடத் தூங்காதீர்கள். கையேடு சொல்லும் நீளத்துக்கு மேல் குழாயை நீட்டவும் வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் உதவியது. ஹீட்டர் பற்றும்போதும் அணையும்போதும்தான் அதிகம் இரைகிறது. முகாமில் இரவு 10 மணிக்கு அமைதி நேரம் தொடங்குமுன்பே பற்றவைத்து, அணைக்காமல் குறைந்த வேகத்தில் விடிய விடிய ஓடவிடுகிறேன்.

எஃகு சைலன்சரைத் தயங்காமல் வாங்கலாம். தகரத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இப்போது வெளியே நின்றால் மெல்லிய 'உஸ்ஸ்' மட்டும் கேட்கிறது. டீசல் பம்பின் 'டக் டக்' மட்டும் படுக்கையில் தலை வைத்தால் இன்னும் கேட்கிறது. பம்பைத் தாங்கும் ரப்பரை இந்த வாரம் மாற்றப்போகிறேன்.