நார் நூலாகுமா?

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் தாண்டினால் பூக்கடைகள். பூக் கட்டுகிறவர் பக்கத்தில் ஒரு சின்ன வாளி இருக்கும். அதில் வாழைநார் ஊறிக்கொண்டிருக்கும். காய்ந்த நார் முறியும், ஊறிய நார் வளையும். செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே தண்ணீர் நுழைந்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது என்று பாலிமர் வேதியியல் இதற்கு விளக்கம் சொல்லும். பூக்கடைக்காரருக்கு அந்த விளக்கம் என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

இந்த நாரைத் துணியாக்கலாமே என்ற பேச்சு திருச்சி வட்டாரத்தில் எழுவது இயல்புதான். தொட்டியம், லால்குடி, குளித்தலை என்று பூவனும் ரஸ்தாளியும் நேந்திரனும் விளைகிற படுகை இது. வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் 1993-இல் இங்கே அமைந்தது. வாழை ஒரே முறைதான் தார் போடும். தார் வெட்டியபின் நிற்பது, பேச்சுவழக்கில் மரம். உண்மையில் ஒன்றையொன்று சுற்றிய இலைமட்டைகள். அதை எந்திரத்தில் கொடுத்துச் சீவி நார் எடுத்தால் விவசாயிக்கு இன்னொரு வரும்படி, பருத்திக்கு ஒரு மாற்று. கேட்க நன்றாகவே இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பூக்கடை நார் காய்ந்த மட்டையிலிருந்து கிழித்த பட்டை. சதையும் இழையும் சேர்ந்தது. எந்திரத்தில் வருவது சதை நீங்கிய இழை. முன்னதன் பெருமையைப் பின்னதற்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

அந்த இழைதான் என்ன? நார், ரப்பர் போன்றவை சிறு மூலக்கூறுகளின் திரள் என்று பலரும் நம்பிய காலத்தில், அவை ஆயிரக்கணக்கான அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலிகள் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் வாதிட்டார். கேலிக்கு ஆளானார், 1953-இல் நோபல் பரிசு வந்தது. அவர் காட்டிய வழியில் பார்த்தால் பருத்தியும் வாழைநாரும் பங்காளிகள். இரண்டிலும் குளுக்கோஸ் கோத்த அதே செல்லுலோஸ். ஆனால் பருத்தியில் அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். வாழைநாரில் ஏறத்தாழ 60 முதல் 65 வரை. மிச்சத்தில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின். சுருக்கமாகச் சொன்னால், பசை.

சிக்கலே இந்தப் பசையில்தான். பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே செல். 25, 30 மில்லிமீட்டர் நீளம். வாழைநாரில் ஒரு செல்லின் நீளம் சில மில்லிமீட்டர்தான். கையில் முழ நீளத்துக்கு வருவது ஒற்றை இழை அல்ல, பசையால் ஒட்டிய குட்டை இழைகளின் கட்டு. அந்தப் பசைதான் நாரை முரடாக்குகிறது. அதே பசைதான் அதை நீளமாகவும் வைத்திருக்கிறது. மென்மை வேண்டும் என்று காரத்தில் போட்டுப் பசையை முழுக்க நீக்கினால் நூற்க முடியாத துகள்கள் மிஞ்சும். பாதி நீக்கினால் பாதி மென்மை. சணலும் இதே இடத்தில்தான் இடறுகிறது.

வாழைநாரின் இழுவலிமையைப் புகழும் ஆய்வுக் கட்டுரைகளை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். கட்டைச் சோதிக்கும்போது எவ்வளவு நீளத்தைப் பிடித்து இழுத்தோம் என்பதைப் பொறுத்தே எண் மாறும். அறுப்பது கடினம் என்பது சரி. ஆனால் துணிக்கு நெகிழ்ச்சியும் வேண்டுமே! பருத்தியைப் போல இது இழுப்புக்குக் கொடுக்காது. பாவில் கட்டினால் தறியின் இழுப்பில் அறுந்து நெசவாளியின் பொறுமையைச் சோதிக்கும். அதனால் பாவு பருத்தியாகவும் ஊடை நாராகவும் போடுவதே வழக்கம். (ஊடைநூல் சுற்றிய குச்சிக்கும் தறிக்காரர்கள் தார் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.) வாழைநார்ச் சேலை என்று விற்பதில் வாழை எவ்வளவு என்று கேட்டு வாங்குவோர் குறைவு.

அடுத்து தண்ணீர். மட்டையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் ஒன்றரைக் கிலோ நார் தேறும். லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை. எந்திரம் தோட்டத்துக்கு வந்தாக வேண்டும். மட்டையை அள்ளிக்கொண்டு போனால் மண்ணுக்குத் திரும்ப வேண்டிய பொட்டாசியமும் அதோடு போகிறது. மறுதாம்பு விடுகிறவருக்கு இது சின்ன இழப்பல்ல.

காரத்தில் வேகவைத்த நீர் எங்கே போகும்? இந்த ஊரில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலையால் பவானி பட்டது, கரூர் சாயத்தால் அமராவதி பட்டது, திருப்பூரால் நொய்யல் பட்டு 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, எல்லாம் ஊரறிந்த கதை. மூன்று ஆறுகளும் முக்கொம்புக்கு மேலேயே காவிரியில் சேர்கின்றன. இயற்கை இழை என்ற பெயருக்காக நாலாவதாக ஒரு கழிவை நாமே இறக்கக் கூடாது. நாரைக் கரைத்து ரேயானாக்கலாம் என்பாரும் உண்டு. கரைத்தபின் அது வாழையா, மரக்கூழா என்று யாருக்குத் தெரியும்? ரேயான் நனைந்தால் ஏறத்தாழப் பாதி வலுவை இழக்கும். பருத்தியோ நனைந்தால் வலுக்கும்.

ஜப்பானின் ஒகினாவாவில் வாழைத்துணி நெய்கிறார்களே என்று கேட்கலாம். நெய்கிறார்கள், அற்புதமாக. பழத்துக்கல்ல, நாருக்கென்றே வளர்த்த வாழை அது. சாம்பல் நீரில் வேகவைத்து, கையால் பிரித்து, முடிச்சுப் போட்டு நீட்டுகிறார்கள், நூற்பதில்லை. ஓர் உடைக்கு ஏறத்தாழ 200 மரம். அது பாரம்பரியக் கலை, விலையும் அப்படி. தார் வெட்டி எறிந்த மட்டைக்கு அந்தக் கணக்கைப் பொருத்த முடியாது.

நார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கயிறு, பாய், பை, கைக்காகிதம், பிளாஸ்டிக்கோடு கலந்த பலகை என்று முரடும் நீளமும் குணமாகிற பொருள்களில் பசை எதிரி அல்ல, கூட்டாளி. காரமும் அதிகம் வேண்டாம். வாழையின் உறவான அபாக்கா, மணிலாக் கயிறாகக் கப்பல்களைக் கட்டியது இந்தக் குணத்தால்தான். உறையூர்த் தறிகளில் நார் ஏறட்டும், ஊடையாக; எத்தனை பங்கு என்று சேலையின் சீட்டில் எழுதிவிட்டு.