தானே திருத்தும் விடைத்தாள்

சர்வதேச யோகா நாளான ஜூன் 21 நெருங்கினால் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: "ஆசனத்தை ஒழுங்காகச் செய்யுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்." இந்த ஆண்டு அதைச் சொன்னவர் ஒரு யோகா ஆசிரியர்; இடம், ஓர் அடுக்ககத்தின் மொட்டைமாடி. யோகா வெறும் உடற்பயிற்சியாகச் சுருங்கிவிட்டதே என்று ஒருவர் குறைப்பட்டதற்கு அவர் தந்த பதில் அது. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

யோகாவின் உடல் நன்மையில் எனக்கு வழக்கில்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு அது ஓரளவு உதவுகிறது என்று 2017இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. என் இடுப்பும் அதற்குச் சாட்சி. இன்றைய ஆசன முறையில் பெரும்பகுதி 1930களில் மைசூர் அரண்மனையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் கையில் உருவானது, அதில் மேலைநாட்டு ஜிம்னாஸ்டிக்ஸும் கலந்திருக்கிறது என்று யோகா வரலாற்றாய்வாளர் மார்க் சிங்கிள்டன் எழுதியதைக் காட்டி யோகாவை மட்டம்தட்டுவோரோடும் நான் சேரமாட்டேன். புதியது என்பதாலேயே ஒன்று போலியாகிவிடாது.

என் வழக்கு 'வளர்ச்சி' என்ற சொல்லோடுதான். யோகா செய்தால் மனிதன் வளர்கிறான் என்கிறார்கள். சரி, வளர்ந்துவிட்டான் என்று யார் சொல்வது? இதுவரை நான் கேட்ட பதில் ஒன்றே: அவனேதான். "முன்பெல்லாம் ரொம்பக் கோபப்படுவேன், இப்போது இல்லை" என்று யோகா செய்பவரே சொல்கிறார், நாமும் தலையாட்டுகிறோம். வினாத்தாளும் அவருடையது, விடைத்தாளும் அவருடையது, சிவப்பு மையும் அவர் கையில்.

பழைய நூல்கள் இப்படி ஏமாறவில்லை. பதஞ்சலியின் இருநூறுக்கும் குறைவான சூத்திரங்களில் ஆசனத்துக்குக் கிடைத்தவை மூன்று. எட்டு உறுப்புகளில் அது மூன்றாவது. முதலாவது இயமம்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் சேர்க்காமை. திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தையும் நியமத்தையும் சொல்லிவிட்டுத்தான் ஆதனத்துக்கு வருகிறார். இந்த வரிசையைச் சடங்காக எண்ணிக் கடந்துவிடுகிறோம். திரிகோணாசனத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்யலாம். கொல்லாமையை அப்படிச் செய்ய முடியுமா? நான் பொய் சொல்லாதவனா என்று தெரிய எதிரே ஒருவர் வேண்டும்; நான் சொன்னது பொய் என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அவருக்கு இருக்க வேண்டும். பிறர் முன்னிலையில் மட்டுமே சோதிக்கக்கூடிய பாடத்தை முதலில் வைத்தார்கள். நாம் அதை எடுத்துவிட்டு, தனியறையில் முடிந்துவிடும் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

வள்ளுவர் இன்னும் கறாரானவர். 27ஆம் அதிகாரம் தவம் என்றால், மூச்சுவிட இடம் தராமல் 28ஆம் அதிகாரமாகக் கூடாவொழுக்கத்தை வைக்கிறார். தவம் செய்பவனை ஊர் சும்மா நம்பிவிடக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கைப் பலகை வேண்டியதில்லை.

'தானாக வரும்' என்பதற்கு மறுப்பு நம் நூல்களில் மட்டுமில்லை. 2018இல் 'சைக்கலாஜிகல் சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, ஜெர்மனியில் 93 யோகா மாணவர்களைப் பதினைந்து வாரங்கள் பின்தொடர்ந்தது. யோகா செய்து முடித்த கையோடு அவர்கள் தங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டார்கள். 'நான்' அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? 'மற்றவர்களைவிட நான் மேல்' என்ற எண்ணம் கூடியிருந்தது. இத்தகைய பயிற்சிகள் தரும் நல்லுணர்வுக்கே அந்தப் பெருமிதமும் ஒரு காரணம் என்றது ஆய்வு. யோகா முடித்துவிட்டு லிப்டில் இறங்குபவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியில்லை.

'தானாக வரும்' என்ற அந்த வாக்கியத்தை உலகமெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் மைசூர் யோகா ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ். பயிற்சி செய், எல்லாம் வரும் என்பதே அவர் போதனையின் சாரம். 2009இல் அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், ஆசனத்தைத் திருத்துகிறேன் என்ற பெயரில் அவர் தங்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று மாணவியர் பலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2019இல் அவருடைய பேரனே வருத்தம் தெரிவித்தார். பல்லாண்டு பயிற்சி செய்து, அரை நூற்றாண்டுக்கு மேல் கற்பித்தவருக்கே முதல் உறுப்பான இயமம் தானாக வரவில்லையென்றால், வாரம் மூன்று வகுப்பு போகும் எனக்கு எந்தக் கணக்கில் வரும்?

எதிர்வாதமாக வேதாத்திரி மகரிஷியைக் காட்டுவார்கள். நியாயமான வாதம். கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர், உடற்பயிற்சியோடும் தியானத்தோடும் நிறுத்தவில்லை. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல் என்று அகத்தாய்வைப் பாடத்திட்டமாகவே ஆக்கினார். தானாக வராது, உட்கார்ந்து வரவழைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டவர். தம் துணைவியின் பிறந்த நாளான ஆகஸ்டு 30ஐ மனைவி நல வேட்பு நாளாக்கியவரும் அவர்தான். வளர்ச்சிக்குச் சாட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அங்கும் ஒரு படி குறைகிறது. அகத்தாய்வை எழுதுவதும் நான்தான், படிப்பதும் நான்தான். ஆகஸ்டு 30இல் மனைவியை வாழ்த்துகிறோம், மதிப்பெண் கேட்பதில்லை.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். இருக்கட்டும். மூன்று ஆண்டுகள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேட் விரித்தவன் நான். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் சத்தம் கூடாது. என் மனைவி வேலைக்குப் போகிறவர். அவருக்குச் சட்னி அரைக்க அதுதான் நேரம். ஒரு நாள் மிக்ஸி ஓடியது. சவாசனத்தில் கிடந்தபடியே கத்தினேன். அடுத்த நாளிலிருந்து சட்னி முந்தின இரவே அரைபட்டு ஃபிரிட்ஜுக்குப் போனது. அந்த அமைதியில் என் தியானம் பிரமாதமாகக் கூடியது. அந்த வாரம்தான் நண்பர்களிடம் சொன்னேன்: "முன்பு மாதிரி இல்லை, இப்போது எனக்குக் கோபமே வருவதில்லை."

மனைவியும் பக்கத்தில்தான் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.