கொப்பியும் பேனையும்

யாழ்ப்பாணத்தை அடுத்த எழுவைதீவில் ஒரு நாளைத் தீர்மானிப்பவை காற்றும் கடலும்தான். இன்று வீசுவது வாடையா சோளகமா, ஊர்காவற்றுறைக்குப் படகு ஓடியதா, வலையில் என்ன பட்டது என்று கொப்பியில் நாலு வரி எழுதினால் போதும், அது நாட்குறிப்பு. முகநூலில் போட்டால் இதற்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவிப்பார்கள்?

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பிலும் கப்பல் வரவு, வணிகம், ஊர்ப்பேச்சு எல்லாம் உண்டு. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதிவைத்ததால், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி நமக்குத் தமிழிலேயே கிடைக்கிறது.

முகநூலில் பிறர் கண்ணுக்கேற்ப நம்மைத் திருத்திக்கொள்கிறோம். கொப்பியிலோ கோபமும் தயக்கமும் அப்படியே கிடக்கும். இன்றைய திகதியையும் காற்றின் பெயரையும் எழுதித் தொடங்குங்கள், மிச்சம் தானாக வரும்.